பாடியது குழுவினர்

பல்கீஸ் என் வாப்பாவின் தம்பி மகள். என்னைவிடப் பதினேழு வயது இளையவள். அவள் பிறந்த மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதம் எங்கள் சின்னும்மா பாத்துட்டியின் மடியில் இரண்டு குழந்தைகள் கிடந்தன. ஒன்று பல்கீஸ். மற்றது மேலப்பறம்பு மொய்துவின் மகன் சைதலவி. மொய்துவின் பெண்டாட்டி பிரசவத்தோடு விஷக்காய்ச்சல் கண்டு, கோழிக்கோடு ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தாள். சின்னும்மா அந்தக் குழந்தையை வாங்கி இடப்பக்கம் போட்டுக்கொண்டாள், வலப்பக்கம் தன் மகளை.

எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரே முலையில் ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்துவிட்டால் அது கூடப்பிறப்புதான். கல்யாணம் முடிக்கக் கூடாது. முன்னால் வந்தால் முக்காடு வேண்டாம். வாசலில் நின்று இருமிக் காட்ட வேண்டாம், அடுக்களை வரைக்கும் நேரே வரலாம். சைதலவி வந்தான். ஐம்பது வருஷம் வந்தான். மீன் பொரிக்கிற மணம் அடித்தால் போதும், தட்டை அவனே எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்துவிடுவான்.

பல்கீஸுக்குத் தொண்டை சின்னும்மாவிடமிருந்து வந்தது. பதினான்கு வயதிலேயே கல்யாண வீடுகளில் பாடத் தொடங்கிவிட்டாள். பத்தொன்பதில் கோழிக்கோட்டிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரன் வந்து எட்டுப் பாட்டு பாட வைத்து எடுத்துக்கொண்டு போனான். கேசட் கடைக்கு வந்தபோது அட்டையில் வேறு ஒரு பெண்ணின் படம் இருந்தது, பேரும் அவளுடையதுதான். கேட்டதற்கு, "உன் பேர் இன்னும் விக்கிற பேர் ஆகல மோளே, அடுத்த கேசட்ல பாக்கலாம்" என்றானாம். கொண்டோட்டி பஸ்ஸில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பல்கீஸ் கண்டக்டரிடம், "இது நான் பாடினது" என்றாள். அவன் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "அப்ப நான்தான் தபலா" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் கூட இருந்தேன். அவள் சிரிக்கவில்லை. இறங்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவும் இல்லை.

அதற்குப் பிறகு கம்பெனி, கேசட் எதுவும் வேண்டாம் என்று எங்களையே சேர்த்து ஒரு பாட்டுக் கூட்டம் அமைத்தாள். அவள் முன்பாட்டு. கைத்தாளமும் பின்பாட்டும் நான், என் நாத்தனார் சுலேகா, பக்கத்து வீட்டு மைமூனா. கீபோர்ட் சைதலவி. நோட்டீஸில் 'பல்கீஸும் குழுவும்' என்று போடுவார்கள். முப்பது வருஷம் அப்படியே போட்டார்கள்.

மெட்டுகள் பழையவை, எல்லாருக்கும் பொது. வார்த்தைகள் அவளுடையவை. பகலில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கட்டுவாள். மிஷின் சத்தம் நின்றால் ஒரு அடி முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும். அவள் கட்டியதிலேயே பேர் பெற்றது பெண்ணை மேடைக்கு அழைத்து வருகிற பாட்டு. அதில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அந்த வீட்டுப் பேர்களை வைத்துப் பாட வேண்டும். பெண்ணின் பேர், மாப்பிள்ளையின் பேர், வீட்டுப்பேர் எல்லாம் ஒரு தடவை வரும். பெண்ணைப் பெற்றவன் பேர் மட்டும் இரண்டு தடவை. 'தந்தாரே' என்று அவள் இழுத்து அவன் பேரைச் சொல்வாள், நாங்கள் அதையே திருப்பிச் சொல்வோம். அந்த இடத்தில் பெற்றவன் கண் துடைக்காத கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஷார்ஜாவிலிருந்து அவள் மகள் நஜ்லா போன் செய்தாள். அங்கே ஒரு கல்யாணத்தில் இந்தப் பாட்டைப் பாடினார்களாம். யார் கட்டியது என்று இவள் கேட்டதற்கு, "அது பழைய பாட்டு, யாரு கட்டினான்னு யாருக்குத் தெரியும்" என்றார்களாம்.

"நான் உயிரோடதானே இருக்கேன், அதுக்குள்ள பழசாயிட்டேனா?" என்று பல்கீஸ் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மறுநாள் மிஷினில் உட்காரவில்லை. சைதலவியைக் கூப்பிட்டனுப்பினாள்.

சைதலவி கொண்டோட்டியில் மொபைல் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு ரெக்கார்டிங் அறை. அங்கே ஒன்பது நாளில் ஆறு பாட்டு எடுத்தோம். பெண்ணழைப்புப் பாட்டைப் பேர் இல்லாமல் பாட முடியாது என்பதால் நஜ்லாவின் கல்யாணத்துப் பேர்களையே வைத்தாள். பெற்றவன் இடத்தில் அவள் புருஷன் ஹம்ஸாவின் பேர். ஹம்ஸா ஜித்தாவில் பேக்கரியில் இருக்கிறான். போனில் கேட்டுவிட்டு, "என் பேரை நீ இவ்வளவு மரியாதையாச் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றானாம்.

இனி அந்தப் பாட்டுகளை உலகத்துக்கு அனுப்ப வேண்டும். இப்போது கேசட் கம்பெனி வேண்டாம். போனில் பாட்டுக் கேட்கிற இடங்கள் பல இருக்கின்றன. நாம் ஒரே இடத்தில் கொடுத்தால் அங்கிருந்து எல்லா இடங்களுக்கும் கொண்டுசேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்பதுதான் பேச்சு. ஒரு சாயங்காலம் அஸர் தொழுத பிறகு பல்கீஸின் தையல் அறையில் உட்கார்ந்தோம். நஜ்லாவின் குரல் போனிலிருந்து வந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் சுலைமானி, பால் விடாத டீ. சைதலவிக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

"உம்மா, ரெண்டு இடம் பாத்து வச்சிருக்கேன்" என்றாள் நஜ்லா. "முதல் இடத்துல வருஷா வருஷம் கட்டணும். கட்டலைன்னா பாட்டை எல்லாம் இறக்கிடுவாங்க."

"வாடகை வீடு மாதிரின்னு சொல்லு" என்றேன் நான்.

"அதேதான் பீவாத்தா. ஆனா ஒண்ணு, அங்கே பாடினது யாரு, எழுதினது யாரு, வாசிச்சது யாருன்னு தனித்தனியா கேப்பாங்க. ஒவ்வொருத்தர் போனுக்கும் ஒரு சீட்டு வரும். எல்லாரும் ஆமான்னு சொன்னாத்தான் பாட்டு வெளியே போகும்."

"ரெண்டாவது?"

"அது சைது மாமா சொன்ன கொச்சி ஆபீஸ். காசு கட்ட வேண்டாம், வர்றதுல அவங்க ஒரு பங்கு எடுத்துக்குவாங்க. அக்கவுண்டை மாமா ஸ்டுடியோ பேர்லதான் திறக்கணும்."

சைதலவி கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தான். "வருஷா வருஷம் யாரு ஞாபகம் வச்சுக் கட்டுறது? இவ கரண்ட் பில்லையே நான்தான் கட்டுறேன். ஒரு வருஷம் மறந்தா பாட்டெல்லாம் செத்து மையத்தாயிடும். கொச்சிக்காரன் எனக்குத் தெரிஞ்சவன். நான் பாத்துக்கறேன்."

பல்கீஸ் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எந்த இடத்துல என் பேர் முதல்ல வரும்?"

"அக்கவுண்ட் யார் போன்ல இருக்கோ அவங்க போடுறதுதான் பேர்" என்றாள் நஜ்லா. "முதல் இடத்துலேயே உன் போன்ல திற உம்மா. ரகசிய நம்பர் உன் போனுக்கு வரட்டும்."

சைதலவி என்னைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான். "நஜ்லா, மாமாவை நம்பலேன்னு நேரா சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லல மாமா..."

"வாயை மூடுடீ" என்றாள் பல்கீஸ். முகம் சிவந்துவிட்டது. "யார்கிட்ட சீட்டு கேக்கச் சொல்றே? எங்க உம்மா மடியில ரெண்டு பேரும் ஒண்ணாக் கிடந்தோம். இவன்கிட்ட நான் ஆமான்னு எழுதி வாங்கினா அந்தப் பாலுக்கு என்ன மதிப்பு?" போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். "கொச்சியிலேயே போடு சைதே. எது வசதியோ அதைச் செய்."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எங்கள் வீட்டில் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பாட்டு வெள்ளிக்கிழமை வெளியானது. ஜும்மா முடிந்ததும் கேட்கலாம் என்று சைதலவி சொல்லியிருந்தான். பல்கீஸ் காலையிலேயே குளித்துப் புதுத் துணி உடுத்தி, கோழி அறுத்து, அரிசிப் பத்திரி சுட்டு அடுக்கி வைத்திருந்தாள். பகல் இரண்டு மணிக்கு, பிளவுஸ் அளவு கொடுக்க வந்த றஹ்மத் என்ற பெண்தான் தன் போனில் தேடி எடுத்தாள். பாட்டு ஓடியது. பல்கீஸின் குரல்தான், அச்சு அசலாக. பல்கீஸ், நான், அந்தப் பெண் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டோம்.

"இத்தா, இதுல உங்க பேர் எங்கே?" என்றாள் றஹ்மத்.

எழுத்தெல்லாம் ஆங்கிலம். பல்கீஸுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் தன் பேரின் முதல் எழுத்து தெரியும். தைத்து முடித்த துணிகளின் சீட்டில் அதைத்தான் போடுவாள். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்த ஓர் எழுத்தைத் தேடினாள். மேலேயிருந்து கீழே தேடினாள், பிறகு கீழேயிருந்து மேலே. படத்தில் சைதலவி கீபோர்ட் முன்னால் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை.

பாட்டுக்குள்ளே அவள் மகள் பேர் இருந்தது. புருஷன் பேர் இருந்தது. வீட்டுப்பேரும் இருந்தது. மேலே எழுதின இடத்தில் அவள் மட்டும் இல்லை.

பத்திரி அப்படியே மூடியிருந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். நானும் ஏறிக்கொண்டேன்.

சைதலவி கடையில் ஆள் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"கேட்டியா? நல்லா வந்திருக்குல்ல?"

"சைதே, என் பேர் எங்கே?"

"உள்ளே இருக்கு. அழுத்திப் பாத்தா வரும்."

"அழுத்து."

அழுத்தினான். ஒரு சின்னப் பலகை மாதிரி வந்தது. அவனே படித்தான். "இசை, பாடல், சைதலவி கொண்டோட்டி. பாடியது, குழுவினர்."

"குழுவினர்னா யாரு?"

"எல்லாருந்தான். நீ, பீவாத்தா, சுலேகா, மைமூனா."

"கட்டினது யாரு?"

"அந்த இடத்துல ஒரு பேர்தான் போட விட்டான்."

"அந்த ஒரு பேர் உன் பேரா?"

அவன் மேஜையில் கிடந்த சார்ஜர் வயரைச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். பிறகு திடீரென்று குரல் ஏறிவிட்டது.

"முப்பது வருஷமா நோட்டீஸ்ல என்ன போட்டுது? பல்கீஸும் குழுவும். மழையில கீபோர்டைத் தலையில சுமந்தது யாரு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவன் பேரையும் போடுங்கன்னு சொல்லியிருப்பியா? நான் முப்பது வருஷமா குழுங்கிற அந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே கிடந்தேன். கொச்சிக்காரன் போன்ல கேட்டான், ஆர்ட்டிஸ்ட் யாருன்னு. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. நான்தான்னு வாயில வந்துருச்சு."

"வாயில வந்ததை மாத்திக்கலாமே."

"மாத்தினா மொத்தத்தையும் இறக்கி மறுபடி ஏத்தணுமாம். காலையில ஆரம்பிச்சு இதுக்குள்ள நாலாயிரம் பேர் கேட்டுட்டாங்க. அதெல்லாம் பூஜ்யமாப் போயிடும்."

பல்கீஸ் நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொல்லி அவன் நாற்காலியை நகர்த்தியதைப் பார்க்கவேயில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சைதே. உன் பேரை என் பேருக்கு முன்னாடி போடச் சொல்லியிருப்பேன்."

"கேட்டு வாங்கினா அது பிச்சை."

"எங்க உம்மா நீ கேட்டா குடுத்தா?" என்றாள். "எனக்கு அன்னிக்குப் பாதிதான் கிடைச்சிருக்கும். மீதியை நீ எடுத்துக்கிட்டேன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல."

அவ்வளவுதான். அதே ஆட்டோவில் திரும்பி வந்தோம். அன்று பத்திரியைக் கோழிகளுக்கு எறிந்தாள்.

செய்தி கேட்டு நஜ்லா ஷார்ஜாவில் குதித்தாள். முதலில் சொன்ன அந்த இன்னொரு இடத்தில் உம்மாவின் போனிலேயே அக்கவுண்ட் திறந்து, அதே ஆறு பாட்டையும் பல்கீஸ் பேரில் ஏற்றினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. நஜ்லா படித்துச் சொன்னாள். இந்தப் பாட்டுகள் ஏற்கெனவே வேறொருவர் பேரில் இருக்கின்றன, உரிமையுள்ளவரிடம் சம்மதம் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"உரிமையுள்ளவர் யாரு?" என்று கேட்டாள் பல்கீஸ்.

"சைது மாமா."

"அப்ப நான் யாரு? திருடியா?"

"உம்மா, வேற மாதிரி வாசிச்சு, புதுசாப் பாடி ஏத்தலாம்."

"என் பாட்டை நானே காப்பியடிக்கவா? வேண்டாம்டீ. முன்னே என் பேரை எடுத்தவன் யாரோ ஒருத்தன், மூஞ்சி கூட எனக்கு மறந்துபோச்சு. அதைத் தாங்கிக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினாள். அதன் பிறகு மிஷின் ஓடியது, ஆனால் கூடவே முணுமுணுப்பு வரவில்லை. மிஷின் சத்தம் நிற்பதே இல்லை, நூல் அறுந்தாலொழிய. சைதலவிக்கு நாலு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. மீன் பொரித்த நாளிலும் அவன் வரவில்லை.

வந்தது ஏழு மாதம் கழித்து. அவன் மகள் ஹிபாவின் கல்யாணத்துக்கு அழைக்க, மனைவி சீனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று இருமினான். பல்கீஸ் அடுக்களையில் இருந்தாள். அந்த இருமலைக் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஐம்பது வருஷத்தில் அவன் அந்த வீட்டில் முதல் தடவையாக இருமியிருந்தான். முன்னறை நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணழைப்புப் பாட்டைப் பெண்ணின் அத்தைதான் பாட வேண்டும். பாடத் தெரியாதவள் என்றாலும் முதல் அடியாவது அவள் வாயால் வர வேண்டும். சைதலவிக்குக் கூடப்பிறந்த பெண்பிள்ளைகள் இல்லை. பல்கீஸ்தான் அத்தை.

"ஹிபாவுக்கு வேற யாரு இருக்கா இத்தா" என்று சீனத் அழுதாள். "உங்களுக்குள்ள என்ன இருந்தாலும் அந்தப் பிள்ளை என்ன செஞ்சா?"

"பாடுறேன்" என்றாள் பல்கீஸ்.

சைதலவிக்கு மூச்சு வந்தது. "மியூசிக்கை பென்டிரைவ்ல கொண்டு வந்துடறேன். நீ மைக் மட்டும் பிடிச்சாப் போதும்."

"வேண்டாம். கைத்தாளம் போதும்."

கல்யாணம் கொண்டோட்டியில் ஒரு ஆடிட்டோரியத்தில், பகல் பதினொரு மணிக்கு. பாதி ஊர் அங்கே இருந்தது. பெண்கள் பக்கம் ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர், எங்கள் முன்னால் மைக். அந்தப் பக்கம் மேடை. மேடைப் படியில் சைதலவி பன்னீர்ச் செம்போடு நின்றான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. திரையின் இடுக்கு வழியாக எனக்கு அவன் நன்றாகத் தெரிந்தான்.

ஹிபா வந்தாள். பச்சைப் பட்டு, கையில் மயிலாஞ்சிச் சிவப்பு. பல்கீஸ் தொண்டையைச் செருமினாள். நாங்கள் கை தட்டத் தொடங்கினோம்.

'வந்தாளே ஹிபா வந்தாளே, வாசல் மணக்க வந்தாளே.'

ஏழு மாதமாக அந்தத் தொண்டை சும்மா கிடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டம் அமைதியானது. சமையல்காரர்கள் கூட வந்து வாசலில் நின்றார்கள். ஹிபாவின் பேர் வந்தது. மாப்பிள்ளை ஸினானின் பேர் வந்தது. மேலப்பறம்பு என்ற வீட்டுப்பேர் வந்தது. அடுத்தது பெற்றவன். சைதலவி செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆயத்தமாகக் கையில் பிடித்துக்கொண்டான்.

'தந்தாரே' என்று பல்கீஸ் இழுத்தாள். எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவும் இழுத்தாள். பிறகு வாயை மூடினாள். சை, த, ல, வி என்று நாலு எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் நாலு கைத்தட்டு மட்டும் விழுந்தது. அதை முடித்து, 'தங்கக் கொடியைத் தந்தாரே' என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது எங்கள் முறை. நாங்கள் பின்பாட்டுக்காரர்கள். முன்னே பாடுகிறவள் எதைத் தருகிறாளோ அதைத்தான் திருப்பித் தர முடியும். சுலேகா என்னைப் பார்த்தாள். நான் மைமூனாவைப் பார்த்தேன். 'தந்தாரே' என்று இழுத்து நாங்களும் நாலு தடவை தட்டினோம்.

அந்த ஆடிட்டோரியத்தில் பேர் விட்டுப்போனது தெரியாத ஆள் ஒருவரும் இல்லை. ஹிபா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்க்க மாட்டாமல் நான் கண்ணைச் சைதலவி பக்கம் திருப்பிக்கொண்டேன். அவன் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

பாட்டு முடிந்ததும் பல்கீஸ் மேடைக்குப் போனாள். ஹிபாவின் நெற்றியில் முத்தம் வைத்து, தன் விரல் மோதிரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை அத்தையைக் கட்டிப்பிடித்து அழுதாள். எதற்கு அழுதாளோ.

திரும்பி வந்து அவள் மைக்கை எடுத்து வைக்கும்போது சைதலவி திரைக்கு இந்தப் பக்கம் வந்தான். இருமவில்லை. பழையபடி நேரே வந்தான். கண் சிவந்திருந்தது.

"பல்கீஸே, வீடியோக்காரன் கேக்கறான். அந்த ஒரு அடியை மட்டும் மறுபடி ஒரு தடவை..."

பல்கீஸ் கைத்துண்டால் முகத்தைத் துடைத்தாள். "நான் பாடி முடிச்சாச்சு சைதே. குழு இருக்குல்ல. அவங்களைக் கேளு."

அவன் எங்களைப் பார்த்தான். சுலேகாவைப் பார்த்தான், மைமூனாவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். முப்பது வருஷம் ஒரே ஜீப்பில் போய் வந்தவர்கள் நாங்கள். மழையில் அவன் கீபோர்டுக்குக் குடை பிடித்தவள் நான். என் பேரும் எந்த நோட்டீஸிலும் வந்ததில்லை. "பீவாத்தா" என்றான், அவ்வளவு மெதுவாக.

நான் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டேன். நாங்கள் நாலு பேரும் நெய்ச்சோறு தின்னப் போனோம். பல்கீஸ் வயிறு நிறையச் சாப்பிட்டாள், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள்.

பாட்டு இன்னும் அவன் பேரில்தான் இருக்கிறது.